சிறகு, வெள்ளை கவுன், காதல்... சினிமா காட்டும் ஏஞ்சல்கள் பைபிளில் இருக்காங்களா?

'ஏஞ்சல்'னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? தரையைத் தொடும் வெள்ளை கவுன், முதுகில் அன்னப்பறவை மாதிரி இரண்டு சிறகு, தலைக்கு மேல ஒரு ஒளிவட்டம், கையில் குட்டியா ஒரு யாழ். நம்ம ஊர் டூயட்ல ஹீரோயின் இப்படி ஸ்லோமோஷன்ல இறங்கி வந்தா, பின்னாடியே நாலு பேர் சிறகு மாட்டிக்கிட்டு ஆடிக்கிட்டே வருவாங்க.

இன்னொரு பக்கம் ரீல்ஸைத் திறந்தா, 'பைபிள்ல சொல்லியிருக்கிற நிஜ ஏஞ்சல் இதுதான்'னு ஒரு உருவம் மிரட்டுது. நெருப்பு வளையம், அதுக்குள்ள இன்னொரு வளையம், சுத்தியும் ஆறு சிறகு, உடம்பெல்லாம் கண்ணு. ராத்திரி தனியா பார்த்தா தூக்கம் போயிடும்!

இந்த ரெண்டுல எது சரி? ரெண்டுமே முழுசா சரியில்லை என்பதுதான் பதில். பைபிளில் இருக்கிற தேவதூதர்கள் இதைவிட சுவாரஸ்யமானவங்க. வாங்க, ஒவ்வொரு படமா எடுத்து வச்சு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சில பழைய படங்களின் கதையும் வெளியே வரும். ஸ்பாய்லர் அலர்ட்!

முதல்ல, ஏஞ்சல்னா என்ன?

பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியில் எழுதப்பட்டது. அதில் வரும் சொல் 'மலாக்'. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'ஆங்கெலோஸ்'. இதிலிருந்துதான் ஆங்கில 'ஏஞ்சல்' வந்தது. ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான்... தூதர். அதாவது, சேதி கொண்டுவருபவர்.

இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு. ஆதியாகமம் 32-ம் அதிகாரத்தைப் பாருங்க. ஆரம்பத்தில் யாக்கோபை தேவதூதர்கள் சந்திக்கிறாங்க. அடுத்த சில வரிகளிலேயே, யாக்கோபு தன் அண்ணன் ஏசாவிடம் ஆள் அனுப்பி சேதி சொல்கிறார். அந்த ஆட்கள் சாதாரண மனுஷங்க. ஆனா, எபிரேயத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே சொல்தான்! ஆக, அந்தச் சொல் ஓர் இனத்தோட பேர் இல்லை. ஒரு வேலையோட பேர். போஸ்ட்மேன் மாதிரினு வச்சுக்கோங்களேன். அவர் என்ன உயரம், என்ன நிறம் என்பதைவிட கையில் இருக்கிற கடிதம்தான் முக்கியம்.

தமிழ் பைபிள்கள் இதைச் சரியாகவே பிடிச்சிருக்கு. தேவதூதன், வானதூதர் என்றுதான் மொழிபெயர்ப்புகளில் வரும். தென் மாவட்ட கத்தோலிக்கக் குடும்பங்களில் பாட்டி, தாத்தாக்கள் 'சம்மனசு' என்பார்கள். சினிமா பாட்டில் வர்ற 'தேவதை'க்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்லை.

சிறகு எங்கிருந்து வந்துச்சு?

ஆதியாகமம் 18-ல் ஆபிரகாமின் கூடார வாசலுக்கு மூணு பேர் வர்றாங்க. நல்ல வெயில் நேரம். அவர் ஓடிப்போய் வரவேற்று, கால் கழுவ தண்ணீர் கொடுத்து, அப்பம் சுடச் சொல்லி, கன்றுக்குட்டி சமைத்து, பாலும் வெண்ணெயுமாகப் பரிமாறுகிறார். வந்தவங்களும் சாப்பிடுறாங்க. அதில் ரெண்டு பேர் அடுத்து சோதோம் நகரத்துக்குப் போறாங்க. அங்கே அவங்களைப் பார்த்த ஊர்க்காரங்க, 'யாரோ வெளியூர் ஆளுங்க'னுதான் நினைக்கிறாங்க. முதுகில் சிறகு இருந்திருந்தா அப்படி நினைச்சிருப்பாங்களா?

யாக்கோபின் கனவில் தேவதூதர்கள் வானத்துக்கும் பூமிக்கும் போய் வர்றாங்க. எதில் தெரியுமா? ஏணியில்! பறக்கிற தூதரும் உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 14-ல் ஒரு தூதர் நடுவானில் பறக்கிறார். ஆனா, மனுஷங்ககிட்ட சேதி சொல்ல வர்ற தூதருக்கு முதுகில் சிறகு இருந்ததா பைபிள் எங்கேயும் வர்ணிக்கலை.

ஆரம்பகால கிறிஸ்தவ ஓவியங்களும் இப்படித்தான் இருந்தன. ரோம் நகரில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஒரு பழைய சுவரோவியம் இருக்கு. மரியாளிடம் தூதர் சேதி சொல்லும் காட்சி என்று கருதப்படும் அதில், தூதருக்கு சிறகு கிடையாது. அங்கி போட்ட ஒரு சாதாரண ஆள், அவ்வளவுதான். கி.பி. 4-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் சிறகு முளைக்க ஆரம்பிக்குது. ரோமானியர்களின் வெற்றி தேவதை விக்டோரியா, அதற்கு முன்பு கிரேக்கர்களின் நைக்கி, இவங்க எல்லாம் சிறகோடு இருந்தவங்க. அந்தச் சிலைகளைப் பார்த்துப் பழகிய கலைஞர்கள், அதே சிறகை தேவதூதர்களுக்கும் மாட்டிவிட்டாங்க. இது தூதர், சாதாரண ஆள் இல்லைனு பார்க்கிறவங்களுக்கு உடனே புரியணுமே! ஒளிவட்டமும் இதே மாதிரி சூரியக் கடவுள் சிலைகள், பேரரசர் படங்கள் வழியா வந்ததுதான்.

சரி, பெண் ஏஞ்சல்? பைபிளில் தூதர்கள் ஆண் உருவில்தான் வர்றாங்க. சகரியா 5-ம் அதிகாரத்தில் நாரையைப் போன்ற சிறகுகளோடு ரெண்டு பெண்கள் காட்சியில் வருவது உண்மை. ஆனா, அவங்களை தூதர்கள்னு அந்தப் பகுதி சொல்லவே இல்லை. யாழ்? அதை வைத்திருப்பது வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மூப்பர்களும் வேறு சிலரும்தான். தூதர்கள் கையில் இருப்பது எக்காளம்.

அப்போ அந்தக் கண்கள்?

இப்போ ரீல்ஸ் ஏஞ்சலுக்கு வருவோம். அந்த உருவம் முழுக்கக் கற்பனை இல்லை. மூணு வேற வேற காட்சிகளை மிக்ஸியில் போட்டு அரைச்ச கலவை.

ஒண்ணு, ஏசாயா 6. இங்கே வர்றவங்க சேராபீன்கள். ஆறு சிறகு. ரெண்டால் முகத்தை மூடி, ரெண்டால் கால்களை மூடி, மீதி ரெண்டால் பறக்கிறாங்க. இங்கே கண் பற்றிப் பேச்சே இல்லை.

ரெண்டாவது, எசேக்கியேல் 1. பாபிலோனுக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்ட எசேக்கியேல், கேபார் நதிக்கரையில் சுமார் கி.மு. 593-ல் கண்ட காட்சி. நாலு ஜீவன்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்... மனிதன், சிங்கம், எருது, கழுகு. நாலு சிறகு, கன்றுக்குட்டியின் குளம்பு மாதிரி பாதம். பக்கத்தில் சக்கரத்துக்குள் சக்கரம். அந்தச் சக்கரத்தின் விளிம்பில்தான் கண்கள்! 10-ம் அதிகாரத்தில் இந்த ஜீவன்களுக்கு கேருபீன்கள் என்று பெயர் வருது.

மூணாவது, வெளிப்படுத்தின விசேஷம் 4. இங்கேயும் நாலு ஜீவன்கள். ஆனா, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம்தான், ஆறு சிறகு, உடம்பெல்லாம் கண்.

இவங்க யாரும் பூமிக்கு வந்து யார் வீட்டுக் கதவையும் தட்டறதில்லை. கடவுளின் சிங்காசனத்தைச் சுற்றி இருக்கிறவங்க. 'தூதர்' என்ற சொல்லையும் பைபிள் இவங்களுக்குப் பயன்படுத்தலை. அதனால, 'மரியாளுக்கு முன்னாடி நிஜமா வந்தது இதுதான்'னு அந்தக் கண் உருண்டையைப் போட்டு மீம் பண்றது செம காமெடிதான், ஆனா தப்பு.

இதில் பாவம், கேருபீன்கள்தான். ஏதேன் தோட்டத்தின் வாசலில் காவல் நிற்கிறவங்க அவங்க. பக்கத்திலேயே சுழலும் நெருப்பு வாள். சாலொமோன் கட்டிய ஆலயத்தில் வைத்த கேருபீன் சிலைகளின் உயரம் 10 முழம், கிட்டத்தட்ட 15 அடி. அப்படிப்பட்டவங்களை, இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் ரோமானிய மன்மதக் குழந்தைகளோடு கலந்து, கொழுகொழு பாப்பாவாக மாத்திட்டாங்க. 1512 வாக்கில் ரஃபேல் வரைந்த 'சிஸ்டைன் மடோனா' ஓவியத்தின் அடியில் கன்னத்தில் கை வைத்துப் பார்க்கும் ரெண்டு குட்டிகள் ஞாபகம் இருக்கா? வாழ்த்து அட்டை, காபி கப், டி-ஷர்ட் எல்லாத்திலும் இருப்பாங்களே, அவங்கதான்!

செத்துப்போனா ஏஞ்சல் ஆகிடுவோமா?

1946-ல் ஃப்ராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்தை அமெரிக்காவில் இன்றும் கிறிஸ்துமஸ் நேரத்தில் பார்க்கிறாங்க. கடன், அவமானம்னு நொந்துபோய் சாகத் துணியும் ஜார்ஜ் பெய்லியைக் காப்பாற்ற, கிளாரன்ஸ் என்ற தூதர் வர்றார். அவர் ஒரு காலத்தில் மனுஷர், கடிகாரம் செய்தவர். செத்து 'இரண்டாம் வகுப்பு' ஏஞ்சல் ஆனவர். ஒரு நல்ல காரியம் செஞ்சா ப்ரமோஷனா சிறகு கிடைக்கும். படம் அருமை. கண்ணீர் கியாரன்ட்டி.

ஆனா, இந்த 'செத்தா ஏஞ்சல்' ஐடியா பைபிளில் இல்லை. அங்கே மனுஷங்களும் தூதர்களும் வேற வேற படைப்புகள். உயிர்த்தெழும்போது மக்கள் திருமணம் செய்துகொள்ளாமல் தூதர்களைப் போல இருப்பாங்கனு இயேசு சொல்வதாக மத்தேயு 22-ல் வரும். 'போல' என்பதுதான் அங்கே முக்கியம். இன்னும் ஒருபடி மேலே போய், மனுஷங்க தூதர்களையே நியாயம் விசாரிப்பாங்கனு பவுல் எழுதுகிறார். அதாவது, மனுஷனா இருப்பதை ஜூனியர் போஸ்ட்டாகவும், ஏஞ்சல் ஆவதை ப்ரமோஷனாகவும் பைபிள் பார்க்கலை.

இது வெறும் பட்டிமன்றப் பாயின்ட் இல்லை. ஒரு குழந்தை இறந்த வீட்டில், 'கடவுளுக்கு ஒரு ஏஞ்சல் தேவைப்பட்டுச்சு'னு ஆறுதல் சொல்றவங்களைப் பார்த்திருப்பீங்க. சொல்றவங்க மனசு நல்ல மனசு. அழுதுகிட்டிருக்கிற அம்மாகிட்ட போய் யாரும் அதைத் திருத்த வேண்டாம். ஆனா, ஆட்கள் தேவைப்பட்டு குழந்தையை எடுத்துக்கிற கடவுளா என்ற கேள்வி அந்த அம்மா மனசுல பின்னாடி முள்ளா குத்தலாம். அந்த வாக்கியம் வேதத்திலிருந்து வந்ததில்லை, காலப்போக்கில் மக்களிடம் உருவான ஒரு நம்பிக்கைனு தெரிஞ்சு வச்சிருந்தா, என்றைக்காவது அது உதவும்.

காதலிக்கிற ஏஞ்சல்கள்

1987-ல் விம் வெண்டர்ஸ் எடுத்த ஜெர்மன் படம் 'விங்ஸ் ஆஃப் டிசையர்'. பெர்லின் நகரத்தில் நீள ஓவர்கோட் போட்ட தூதர்கள் நடமாடுறாங்க. பஸ்ஸில், நூலகத்தில், மனுஷங்க மனசுக்குள் ஓடுவதைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதில் டேமியல் என்ற தூதர் ஒரு சர்க்கஸ் பெண்ணைக் காதலித்து, அழியாத வாழ்வை விட்டுட்டு மனுஷனாகிறார். அதுவரை கறுப்பு வெள்ளையா இருந்த உலகம் அவருக்குக் கலரா தெரியுது. சூடா ஒரு காபி குடிப்பதே பெரிய சந்தோஷமாகுது. இதே கதையை ஹாலிவுட் 1998-ல் 'சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்' என்று எடுத்தது. நிக்கோலஸ் கேஜ் ஏஞ்சல், மெக் ரயன் டாக்டர்.

பைபிளில் இதுக்கு ஏதாவது தடயம் இருக்கா? ஆதியாகமம் 6-ல் 'தேவ குமாரர்கள்' மனிதப் பெண்களை மணந்ததாகச் சில வரிகள் வரும். இவங்க தூதர்களா, வேற யாராவதா என்ற விவாதம் பல நூற்றாண்டுகளாக நடக்குது. ஏனோக்கின் புத்தகம் என்ற பழைய யூத நூல், இதை விரிவாக வளர்த்தது. 200 காவல் தூதர்கள் எர்மோன் மலையில் இறங்கி, பெண்களை மணந்து, ஆயுதம் செய்யவும் கற்றுக்கொடுத்து, பூமியைக் கெடுத்தாங்க என்பது அந்தக் கதை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை இந்த நூலைத் தன் பைபிளில் வைத்திருக்கிறது. மற்ற பெரும்பாலான சபைகள் ஏற்பதில்லை.

டேரன் அரனாஃப்ஸ்கியின் 'நோவா' (2014) படத்தில் பாறை உடம்போடு வரும் ராட்சதர்கள் இந்தக் காவல் தூதர்கள்தான். ஆனா, படம் கதையைத் தலைகீழாகத் திருப்பிடுச்சு. அங்கே அவங்க மனுஷங்களுக்கு உதவ இறங்கி வந்து, அதற்காகத் தண்டனை பெற்ற நல்லவங்க. பேழை கட்ட நோவாவுக்கு உதவவும் செய்றாங்க. பழைய நூலில் வெள்ளத்துக்கே காரணமா இருந்தவங்க, படத்தில் வெள்ளத்திலிருந்து காப்பாற்றும் டீமில் சேர்ந்துட்டாங்க!

புரட்சி பண்ற ஏஞ்சல்கள்

'கான்ஸ்டன்டைன்' (2005) படத்தில் டில்டா ஸ்விண்டன் நடித்த காபிரியேல், மனுஷங்க கஷ்டப்பட்டாதான் உருப்படுவாங்கனு பூமியில் நரகத்தைத் திறந்துவிடத் திட்டம் போடுகிறார். 'லீஜியன்' (2010) படத்தில், மனித குலத்தை அழிக்கச் சொல்லும் கட்டளையை மீறி, மிகாவேல் தன் சிறகுகளையே வெட்டிக்கிட்டு நம்ம பக்கம் சண்டை போடுகிறார். 'மைக்கேல்' (1996) படத்தில் ஜான் டிரவோல்டா தொப்பையும் சிகரெட்டுமாக ஜாலியா திரிகிறார்.

வேதத்தில் விழுந்துபோன தூதர்கள் உண்டு. ஆனா காபிரியேலும் மிகாவேலும் அந்த லிஸ்ட்டில் இல்லை. காபிரியேல் வரும் இடங்கள் ரொம்பக் குறைவு. தானியேலுக்குக் காட்சியை விளக்குகிறார், சகரியாவுக்கும் மரியாளுக்கும் பிறப்புச் செய்தி சொல்கிறார். அவ்வளவுதான், சொல்லிட்டுக் கிளம்பிடுகிறார். நாம சாதாரணமா அவரை 'பிரதான தூதர்' என்போம். பைபிளில் அந்தப் பட்டம் பெயரோடு சேர்ந்து வருவது மிகாவேலுக்கு மட்டும்தான். மூணாவதாகப் பேர் தெரிந்தவர் ரஃபாயேல். கத்தோலிக்க பைபிளில் இருக்கும் தோபித்து நூலில், ஒரு இளைஞனோடு வழித்துணையா நடந்தே போகிறவர். கூடவே ஒரு நாயும் போகும்!

'லூசிஃபர்' சீரிஸ் ரசிகர்களுக்கு ஒரு தகவல். அந்தப் பேர் ஏசாயா 14-ல் வரும் 'விடிவெள்ளி' என்ற எபிரேயச் சொல்லின் லத்தீன் மொழிபெயர்ப்பு. அந்தப் பகுதி பாபிலோன் ராஜாவைப் பற்றிய பாடல். அதைச் சாத்தானோடு பொருத்திப் படித்தது பின்னால் வந்த மரபு.

பயம் மட்டும் போதுமா?

வேதத்தில் பிரகாசமா வெளிப்படும் தூதரைப் பார்த்தவங்க யாரும் 'வாவ், எவ்வளவு அழகு'னு சொல்றதில்லை. தானியேல் பலமிழந்து விழுகிறார். இயேசுவின் கல்லறையைக் காவல் காத்த வீரர்கள் செத்தவங்க மாதிரி ஆகிடுறாங்க. அதனாலதான் தூதர் முதலில், பயப்பட வேண்டாம்னு தைரியம் சொல்லிட்டு அப்புறம் சேதிக்கு வர்றார்.

இந்தப் பயத்தை வைத்து 2021-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'மிட்நைட் மாஸ்' ஒரு பயங்கர விளையாட்டு விளையாடுச்சு. வௌவால் சிறகுள்ள ஒரு ஜந்துவைச் சந்திக்கும் பாதிரியார் அதை ஏஞ்சல் என்றே நம்புகிறார். வேதத்திலும் தூதரைப் பார்த்தவங்க பயந்தாங்கதானே என்பது அவர் வாதம். ஆனா, அந்த ஜந்து கடைசி வரை ஒரு சேதியும் சொல்லலை, ரத்தம்தான் குடிக்குது. சிறகும் பயமும் இருந்தது, செய்தி இல்லை. தூதரின் அடையாளமே செய்திதான் என்பதை இதைவிட யாரும் அழுத்திச் சொல்ல முடியாது.

சினிமா ஏன் மாத்துது?

காரணம் சிம்பிள். சினிமாவுக்கு ஹீரோ வேணும். ஹீரோவுக்கு ஓர் ஆசை வேணும், ஒரு போராட்டம் வேணும். கிளாரன்ஸுக்கு சிறகு ஆசை, டேமியலுக்குக் காதல், மிகாவேலுக்குப் புரட்சி. பைபிள் தூதர்களிடம் அப்படிப்பட்ட சொந்தக் கதை எதுவும் இல்லை. நியாயாதிபதிகள் 13-ல் மனோவா என்பவர், 'உங்க பேர் என்ன? சொன்னது நடந்ததும் மரியாதை செய்யணும்' என்று கேட்கிறார். தூதர் பேரைச் சொல்லவே மறுத்துடுகிறார். சோஷியல் மீடியா காலத்தில் நினைச்சுக்கூடப் பார்க்க முடியாத விஷயம், இல்லையா?

அந்தக் கதைகளில் கேமரா தூதர் மேல இல்லை. எதிரில் நிற்கிற மனுஷர் மேல இருக்கு. சேதி கேட்ட மரியாள் என்ன சொல்லப்போறாங்க? கழுதைக்குத் தெரிந்த தூதர் கண்ணுக்குத் தெரியாமல், அந்தக் கழுதையை மூணு முறை அடிக்கும் பிலேயாம் எப்போ விழித்துக்கொள்ளப் போறார்? வெயிலில் வந்து நின்ன முன்பின் தெரியாத மூணு பேருக்கு ஆபிரகாம் சாப்பாடு போடுவாரா, மாட்டாரா?

எபிரெயர் 13-ம் அதிகாரம், வேற்று மனுஷங்களை உபசரிக்க மறக்காதீங்கனு சொல்லுது. அப்படிச் செஞ்ச சிலர், தெரியாமலேயே தூதர்களை உபசரிச்சிருக்காங்களாம். அந்த 'தெரியாமலேயே' என்ற வார்த்தையில்தான் மொத்த விஷயமும் இருக்கு. சிறகும் ஒளிவட்டமும் மாட்டிக்கிட்டு வந்தா யார்தான் கதவைத் திறக்க மாட்டாங்க? செல்ஃபியே எடுப்போம்! ஆபிரகாமின் வாசலில் நின்னவங்களோ கால் எல்லாம் புழுதியோடு வந்த வழிப்போக்கர்கள்.

அடுத்த தடவை சிறகு விரிச்சுப் பறக்கிற ஏஞ்சல் படம் பார்த்தா தாராளமா ரசிங்க. அது சினிமா. உங்க வீட்டு வாசலில், மதிய வெயிலில், ஒரு பாட்டில் தண்ணி கேட்டு யாராவது நின்னா... அந்தப் பழைய கதையையும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க!